சிற்றூரின் குற்றமும் காவலும்: அருகிருத்தலும் பதில் சொல்லுதலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக ஆற்றிய உரையின் செப்பம் செய்த வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சில செய்திகள் அச்சுக்காகக் குறைக்கப்பட்டுள்ளன.)



குற்றம் என்றதும் நாம் நகரத்தைப் பற்றியே பேசுகிறோம். செய்தித்தாளும் அப்படித்தான் பேசுகிறது. சிற்றூர் அதில் இடம் பெற வேண்டுமானால் அங்கே ஒரு கொலையாவது விழ வேண்டும். ஆனால் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஊரகத்தில் வாழ்கிறார்கள். ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள். சட்டம் ஒழுங்கைப் பார்க்கும் காவல் நிலையங்களோ சுமார் 1,300, அதிலும் நகரத்து நிலையங்கள் சேர்ந்தே. ஒரு நிலையத்துக்குப் பத்து, பதினைந்து ஊராட்சிகள் சாதாரணம். ஓர் ஊராட்சிக்குள்ளும் தாய்க் கிராமம் ஒன்று, சுற்றிக் குக்கிராமங்கள் பல. இரவில் ஆடு களவு போனால், அந்த ஆட்டுக்காரர் யாரிடம் போவார்? போனால் என்ன நடக்கும்? போகாவிட்டால் ஏன் போகவில்லை? இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது இந்தக் கேள்விகளைத்தான்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிற்றூருக்குக் காவல் அருகில் இருக்க வேண்டும்; அதையே அண்டைக் காவல் என்கிறேன். அந்தக் காவல் செய்ததையும் செய்யாததையும் எழுத்தில் வைத்து, ஊரின் கடைசி வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. பதில் சொல்லாத அண்மை வசூலாகவும் அடியாகவும் மாறும். அண்மை இல்லாத பதிவேடு வெறும் காகிதமாகும். நம் வரலாற்றில் இரண்டும் தனித்தனியே நடந்திருக்கின்றன.

1. எண்ணிக்கை எதைச் சொல்கிறது?

"எங்க ஊர்ல கேஸே கிடையாதுங்க." களப்பணிக்குப் போகும் எவரும் கேட்கும் முதல் வாக்கியம் இது. பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமையில் உண்மையும் உண்டு. ஒருவரை ஒருவர் அறிந்த ஊரில், யார் வீட்டுக் கதவு எந்நேரம் திறந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த தெருவில், வெளியாள் வந்து திருடுவது கடினம். ஆனால் வழக்கு இல்லை என்பதாலேயே குற்றம் இல்லை என்று கொள்ள முடியாது.

மூவாயிரம் பேர் வாழும் ஊரை எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு இரண்டு திருட்டு வழக்குகள், இந்த ஆண்டு நான்கு என்றால் நூறு விழுக்காடு உயர்வு. மறு ஆண்டு ஒன்று என்றால் பெரிய வீழ்ச்சி. இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துக் காவல் ஆய்வாளரைப் பாராட்டுவதும் கண்டிப்பதும் நியாயமாகாது. இவ்வளவு சிறிய எண்ணில் தற்செயலே பெரும்பங்கு வகிக்கும்.

அடுத்தது பதிவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் தொகுப்பு, நடந்த குற்றங்களைக் கணக்கிடுவதில்லை. பதிவான வழக்குகளைக் கணக்கிடுகிறது. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றுள் கடுமையானது மட்டுமே எண்ணிக்கையில் ஏறும். 2020இல் தமிழ்நாட்டின் குற்ற எண்ணிக்கை திடீரென நாட்டின் உச்சிக்குப் போனது. மக்கள் அந்த ஆண்டு தீயவர்களாகிவிடவில்லை. ஊரடங்கை மீறியவர்கள்மீது இந்தியத் தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவில் காவல்துறை லட்சக்கணக்கில் வழக்குப் போட்டது, அவ்வளவுதான். ஓர் எண் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைவிட, யார் எழுதியதால் உயர்ந்தது, யார் எழுதாததால் தாழ்ந்தது என்பதே ஆய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி.

எழுதாமல் விடுவதற்கு நம் நிலையங்களில் ஒரு வாகான இடம் உண்டு. புகார் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்புவது. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. தேசியக் கணக்கில் வராது. வரப்புத் தகராறு, பாதைத் தகராறு, குடித்துவிட்டு வந்து அடித்தது, பம்புசெட்டின் செம்புக் கம்பியை அறுத்துக்கொண்டு போனது எல்லாம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். இரு தரப்பையும் கூப்பிட்டு, "பேசி முடிச்சுக்கங்க" என்று எழுதி வாங்குவார்கள். சில நேரம் அதுதான் நல்ல முடிவு என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி வரப்புச் சண்டையை நீதிமன்றத்துக்கு இழுத்தால் இரண்டு குடும்பமும் வீணாகும். ஆனால் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீர வேண்டும் என்று, லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், மின்னணு வழியிலும் கொடுக்கலாம் என்கிறது. சட்டம் கதவைத் திறந்திருக்கிறது. அந்தக் கதவுவரை நடந்து போகும் தைரியம் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை.

பெண்களை நினைத்துப் பாருங்கள். 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியது. பிறகு மாநிலமெங்கும் பரவியது. இப்படிப்பட்ட நிலையம் ஒன்று திறக்கப்பட்ட பகுதியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பதிவு கூடுமானால், அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல மாட்டோம். அதுவரை வீட்டுக்குள் புழுங்கிக் கிடந்தது வெளியே வருகிறது. ஆகவே அண்டைக் காவல் நன்றாக வேலை செய்தால் முதல் சில ஆண்டுகளில் குற்ற எண்ணிக்கை ஏறத்தான் வேண்டும். இதை மேலதிகாரிகள் ஏற்றுக்கொள்ளாதவரை, கீழே இருக்கும் நிலைய எழுத்தர் பேனாவைத் திறக்க மாட்டார்.

2. பழைய காவல்

நம்மிடம் அண்டைக் காவல் புதிதல்ல. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் கடமையும் அதற்கான வரியும் வருகின்றன. பிற்காலத்தில், புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில், ஊரார் தம் ஊரின் பாடிகாவல் உரிமையை அரையர்களுக்குக் கொடுத்து, பதிலுக்குப் பாதுகாப்பைப் பெற்ற செய்திகளைக் காண்கிறோம். காவல் ஓர் ஒப்பந்தம். இன்னது தருவோம், நீ இன்னது செய்ய வேண்டும் என்று கல்லில் வெட்டிய ஒப்பந்தம்.

அதன் தொடர்ச்சியை மதுரை, திருநெல்வேலி வட்டாரங்களில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பார்க்கிறோம். ஊர்க் காவல்காரர் அறுவடையில் தானியப் பங்கு பெற்றார். பதிலுக்கு, அவர் காவலில் இருக்கும் ஊரில் மாடு களவு போனால் அதை மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் ஈடு தர வேண்டும். இந்த ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள். இன்றைய காவல்துறையில் இதற்கு நிகரானது எதுவும் இல்லை. திருட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறிக்கை எழுதி வழக்கை முடிக்கலாம். பறிகொடுத்தவர் ஒரு காகிதத்தோடு வீடு திரும்புவார். பழைய காவல்காரர் தன் களத்து நெல்லிலிருந்து விலை கொடுத்தார். அவர் அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ வாழ்ந்தார். எந்தக் குளம்படி எந்த மாட்டினுடையது என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் இந்த முறைக்கு மேலே ஒருவரும் இல்லை. காவல் கூலி தர மறுத்த ஊரில் மாடு காணாமல் போனது. காணாமல் போன மாட்டைத் தேடித் தருவதற்குத் துப்புக்கூலி கேட்கப்பட்டது. கொடுத்தால் மாடு திரும்பியது. காத்தவனே கவர்ந்தவனோ என்ற ஐயம் எழுந்தால் விசாரிக்க ஆளில்லை. 1890களின் நடுவில் திண்டுக்கல், மதுரைப் பகுதி உழவர்கள் 'பண்டு' என்ற பெயரில் ஊர் ஊராக நிதி திரட்டினார்கள். இனிக் கள்ளர் சாதியாரின் காவல் வேண்டாம், மாடு போனால் இந்த நிதியிலிருந்து ஈடு கொடுத்துக்கொள்வோம் என்பது திட்டம். காப்பீடு என்ற சொல்லே ஊருக்குள் வராத காலத்தில் உழவர்கள் தாமே கண்டுபிடித்த காப்பீடு அது. அது அங்கேயே நிற்கவில்லை என்பது துயரம். காவல்கார வீடுகள் எரிக்கப்பட்டன. ஒரு சாதி முழுவதையும் ஊரைவிட்டு விரட்டும் முயற்சியாக அது பல இடங்களில் மாறியது. அந்தச் சாதியில் பெரும்பாலோர் தம் நிலத்தை உழுது பிழைத்தவர்கள் என்பதை எரித்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இலும், டேவிட் அர்னால்டு 1986இலும், ஆனந்த் பாண்டியன் 2009இலும் இந்த வரலாற்றை ஆங்கிலத்தில் ஆழமாக எழுதியிருக்கிறார்கள். தமிழில் இதை விரிவாக எழுத வேண்டிய கடன் நமக்கு இருக்கிறது. அரங்கில் இருக்கும் ஆய்வு மாணவர்கள் இதைத் தங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

3. சர்க்கார் காவல்

கும்பினி அரசு 1816இல் கொண்டுவந்த 11ஆம் ஒழுங்குமுறை, ஊர்த் தலைவரையும் தலையாரியையும் தாசில்தாரையும் காவல் பொறுப்பில் நிறுத்தியது. வரி வசூலிப்பவரும் அவரே, குற்றம் விசாரிப்பவரும் அவரே. இதன் விளைவை 1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையில் படிக்கலாம். விரல்களைக் கிட்டியில் இறுக்குவதும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவதும் வரி வாங்கவும் வாக்குமூலம் வாங்கவும் அன்றாட வழக்கமாக இருந்தன. அருகிருந்த அதிகாரம்தான் அதுவும். அதே ஊர், அதே தாலுகா, தெரிந்த முகங்கள். மேலே எழுத்தில் கேள்வி கேட்பார் இல்லாததால் அண்மையே கொடுமைக்கு வசதியானது.

அதன் பிறகு 1859இல், 24ஆம் சட்டத்தின் வழியாக, வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்ட தனிக் காவல் படை சென்னை மாகாணத்தில் உருவானது. அயர்லாந்துக் காவல் படையை ஒட்டி அமைந்த படை. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவர். இரண்டு ஆண்டுகளில் 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டம் வந்தது. வருவாயையும் காவலையும் பிரித்தது சரியான முடிவு. ஆனால் புதிய படை ஊரிலிருந்து விலகி, தாலுகா ஊர்களில் நின்றது. ஊரைத் தெரிந்துகொள்ளாத படை ஊரை வகைப்படுத்தத் தொடங்கியது.

அந்த வகைப்படுத்தலின் கடைசி எல்லை குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நம் மாகாணத்திலும் பரவியது. அந்தச் சட்டம் பட்டியலிட்ட சாதிகளின் ஆண்கள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும், இரவில் சாவடியில் படுக்க வேண்டும், ஊரைவிட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு மனிதன் என்ன செய்தான் என்று விசாரிக்க ஆள் அனுப்ப முடியாத அரசு, அவன் யாருக்குப் பிறந்தான் என்பதை வைத்துக் குற்றவாளி என்றது. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள், ரேகை பதிய மறுத்த மக்கள்மீது காவல் படை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் இறந்தார்கள். நாடு முழுவதற்கும் அந்தச் சட்டம் 1952இல்தான் ஒழிந்தது. அந்த ஊர்களில் இன்றும் சீருடை நுழைந்தால் முதியவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். அண்டைக் காவல் திட்டம் போடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

ஊர்த் தலைவர், கர்ணம் ஆகிய பரம்பரைப் பதவிகள் 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒழிக்கப்பட்டன. சரியான சீர்திருத்தம். ஆனால் காலியான இடத்துக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறையின் ஆள். காவல் துறையின் ஆள் யாரும் ஊருக்குள் வரவில்லை. அந்த இடத்தைப் பல ஊர்களில் கட்டப்பஞ்சாயத்து எடுத்துக்கொண்டது.

4. திருச்சியும் ராமநாதபுரமும்

இந்த இடைவெளியை நிரப்பத் தமிழ்நாட்டில் நடந்த முயற்சிகளுள் இரண்டு உலகக் கவனம் பெற்றவை. இரண்டின் கதியும் வேறு வேறு.

முதலாவது, 1999 முதல் 2001 வரை திருச்சி மாநகரக் காவல் ஆணையராக இருந்த ஜே.கே. திரிபாதி நடத்தியது. நகரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு காவலர்களை நிலையாக ஒப்படைத்தார். அவர்கள் அந்தப் பகுதியின் முகங்களானார்கள். பூட்டிய புகார்ப் பெட்டிகள் தெருக்களில் வைக்கப்பட்டன. பெயர் போடாமலும் எழுதலாம். குடிசைப் பகுதிகளைத் தத்தெடுக்கும் திட்டமும் சேர்ந்தது. கோவைக் குண்டுவெடிப்புக்குப் பிந்தைய பதற்றத்தில் இருந்த நகரம் அது. காமன்வெல்த் நாடுகளின் பொது நிர்வாகச் சங்கம் இதற்கு விருது கொடுத்தது. நான் இதில் மதிக்கும் அம்சம், அடிமட்டக் காவலருக்குக் கொடுத்த இடம். நம் அமைப்பில் காவலர் உத்தரவைக் கேட்பவர், வாசலில் நிற்பவர், பந்தோபஸ்துக்கு லாரியில் ஏறுபவர். திருச்சியில் அவர் ஒரு பகுதிக்குச் சொந்தப் பொறுப்பாளி ஆனார். தானே முடிவெடுக்கக் கற்றார். ஆணையர் மாறியதும் அந்த முறை தளர்ந்தது. பிறகு திரிபாதி மாநிலக் காவல்துறைத் தலைவராகவே ஆனார். அப்போதும் திருச்சியின் அந்த அமைப்பு மாநிலத்தின் பொது விதியாகவில்லை. ஓர் அதிகாரியின் ஆர்வத்தில் நிற்கும் திட்டங்களுக்கு ஆயுள் அவர் மாறுதல் உத்தரவு வரும் நாள்வரைதான்.

இரண்டாவது, பிரதீப் பிலிப் 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொடங்கிய 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்'. காவல் கண்காணிப்பாளராக இருந்த அவர், காவலுக்கும் மக்களுக்கும் நடுவே தன்னார்வலர்களைக் கொண்டுவந்தார். திருவிழா, போக்குவரத்து, இரவு ரோந்து எல்லாவற்றிலும் அவர்கள் துணை நின்றார்கள். நல்ல நோக்கம். பல ஊர்களில் இளைஞர்கள் மனமார உழைத்தார்கள். ஆனால் காலப்போக்கில் சில நிலையங்களில் அவர்கள் வாகனச் சோதனையில் லத்தி பிடித்து நின்றார்கள். பணி எண் இல்லை, நாட்குறிப்பு இல்லை, துறை நடவடிக்கை கிடையாது. அதிகாரத்தின் நிழல் மட்டும் இருந்தது.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் பட்ட அடிகளுக்குப் பிறகு அடுத்தடுத்து இறந்தார்கள். இந்தத் தன்னார்வலர்கள்மீதும் அப்போது குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு அந்த அமைப்பை நிறுத்தியது. அந்நாட்களில் நடந்த வேறொன்றையும் வரலாற்று மாணவன் மறக்க முடியாது. சான்றுகள் அழியாமல் இருக்க, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறை அலுவலர்களின் கட்டுப்பாட்டில் வைத்தது. வருவாய்த் துறையின் கொடுமையிலிருந்து மக்களைக் காக்க 1859இல் பிரிக்கப்பட்ட காவல்துறை, 161 ஆண்டுகளுக்குப் பிறகு, மக்களைக் காக்க வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கப்பட்டது. எந்தத் துறையும் இயல்பிலேயே நல்லதோ கெட்டதோ அல்ல. மேலே ஒரு கண்ணும் கையில் ஒரு பதிவேடும் இல்லாத எந்தத் துறையும் அங்கேதான் போய்ச் சேரும். உண்மை வெளிவர உதவியது, அந்த நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் நீதித்துறை நடுவரிடம் அளித்த சாட்சியம். அவருக்கு இந்த அவையில் வணக்கம் சொல்கிறேன்.

சாத்தான்குளம் பெருநகரம் அன்று. கடைக்காரரையும் காவலர்களையும் ஊர் அறியும். காவலர்களும் கடைக்காரரை அறிவார்கள். அறிமுகம் யாரையும் காப்பாற்றவில்லை.

5. வெளியிலிருந்து சில சான்றுகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 1972-73இல் ஒரு பரிசோதனை நடந்தது. சில பகுதிகளில் ரோந்து வண்டியை நிறுத்தினார்கள், சிலவற்றில் வழக்கம்போல் விட்டார்கள், சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள். குற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மக்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நெவார்க் நகரில் 1970களின் இறுதியில் காவலர்களை நடந்து போக விட்டுப் பார்த்தார்கள். அங்கும் குற்றம் குறையவில்லை. ஆனால் மக்களின் அச்சம் குறைந்தது, காவலர்மீது நம்பிக்கை கூடியது. சைரன் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வரும் ஜீப்பால் அந்த நம்பிக்கை வராது.

ஜப்பானின் ஊரகப் பகுதிகளில் வேறொரு வழி. 'சூசைஷோ' எனப்படும் சிறு காவல் மனையில் ஒரே காவலர் தன் குடும்பத்தோடு குடியிருக்கிறார். வீடும் நிலையமும் ஒன்றே. வீடு வீடாகப் போய் நலம் விசாரிப்பது அவர் வேலையின் பகுதி. டேவிட் பெய்லி 1976இல் எழுதிய நூலுக்குப் பிறகு உலகமே அதைப் படித்தது. நம் சமூகத்தில் அதை அப்படியே நட முடியாது. அதற்கான காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

6. எந்த ஊர்?

ஊர் என்று நாம் ஒருமையில் பேசுகிறோம். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒருமை அன்று. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் இடத்தில் காவலர் எந்தத் தெருவில் குடியிருப்பார்? எந்தத் திண்ணையில் உட்கார்வார்? எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் அவரிடம் யார் புகார் கொடுக்க வருவார்கள், யார் வர மாட்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

மேலவளவை நினைவுகூராமல் இதைப் பேச முடியாது. ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் வழிமறித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன்பே மிரட்டல் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. கொலை நடக்கும் நாள்வரை இத்தகைய ஊரின் குற்றக் கணக்கில் பெரிதாக எதுவும் ஏறியிருக்காது. இரட்டைக் குவளையும், செருப்பைக் கழற்றச் சொல்வதும், குளத்தில் இறங்க விடாததும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குக்கு உரியவை. அவை வழக்காகாத ஊரைத்தான் "அமைதியான ஊர்" என்று பல குறிப்புகள் சொல்கின்றன.

கலவரம் வந்துவிட்டாலோ நேர் எதிர்த் திசையில் போகிறோம். அறிமுகமே இல்லாத நூற்றுக்கணக்கான காவலர்கள் ஒரே நாளில் வந்து இறங்குவார்கள். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் நடந்தது அதுதான். ஒரு தலித் ஊரின் வீடுகளும் உடைமைகளும் நொறுக்கப்பட்டன. அன்றாடம் ஒருவரும் வராத ஊருக்கு ஒருநாள் படையே வருகிறது.

எனவே என் கருத்தில், ஊர்க் காவலரை ஊர்ப் பெரியவர்களின் குழுவோடு இணைப்பது ஆபத்து. "சமூகக் காவல் குழு" என்று பெயர் வைத்து, கடைக்காரர், மில்காரர், முன்னாள் தலைவர் என்று நாற்காலியில் உட்கார வைத்தால், ஏற்கெனவே இருக்கும் கட்டப்பஞ்சாயத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்ததாகும்.

7. செய்யக்கூடியவை

பூட்டிய வீட்டிலும் வங்கி வாசலிலும் பட்டா புத்தகம் வைத்து, ரோந்துக் காவலர் இரவில் கையெழுத்திட்டுப் போகும் முறை நம்மிடம் நெடுநாளாக உண்டு. இன்று சில இடங்களில் கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியில் பதிகிறார்கள். காவலர் வந்து போனார் என்பதற்கு அது சான்று. அவரிடம் யார் பேசினார்கள் என்பதற்கு எந்தப் புத்தகமும் இல்லை. ஊர் எல்லையில் வசூல் செய்து கேமரா வைத்திருக்கிறார்கள், அதுவும் நல்லதே. பல திருட்டுகள் அதனால் துலங்கியிருக்கின்றன. ஆனால் மனைவியை அடிப்பவன் ஊர் எல்லையைக் கடப்பதில்லை.

இரவு ரோந்து எவ்வளவு தனிமையானது என்பதையும் நினைவில் வைப்போம். 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு நிலையத்தின் சிறப்பு சார் ஆய்வாளர் பூமிநாதன், நள்ளிரவில் ஆடு திருடிக்கொண்டு போனவர்களைத் தன் இருசக்கர வாகனத்தில் விரட்டிப் போய், புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் மடக்கிப் பிடித்தார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஆட்டுத் திருட்டைச் சில்லறைக் குற்றம் என்று அவர் நினைக்கவில்லை. ஓர் ஏழை வீட்டில் ஆடு என்பது பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, அடுத்த ஆறு மாதப் பிழைப்பு. அந்த மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. அவரைப் போன்றவர்கள் ஒற்றை ஆளாகப் போக வேண்டியதில்லாத ஏற்பாடு நமக்கு வேண்டும்.

என் முன்மொழிவுகள் இவை. இரண்டு மூன்று ஊராட்சிகளுக்கு இரண்டு காவலர்கள், கூடுமானவரை ஒருவர் பெண். அந்த வட்டாரத்தில் நிலமோ நெருங்கிய உறவோ இல்லாதவர்களாக இருக்கட்டும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் அதே இடத்தில். பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கே இரண்டாண்டுப் பணிக்காலம் வேண்டும் என்றது. அந்த நியாயம் காவலருக்கும் பொருந்தும். திருவிழா பந்தோபஸ்து, அமைச்சர் வருகை என்று வாரம் மூன்று நாள் அவர்களை எடுத்துவிட்டால் இந்தத் திட்டமே இல்லை. அவர்கள் உட்காரும் இடம் ஊராட்சிக் கட்டடமாகவோ நூலகமாகவோ இருக்கட்டும். தனியார் திண்ணை வேண்டாம். வாரத்தில் ஒருநாள் சேரிக்குள், பொது இடத்தில் உட்கார்ந்து மனு வாங்க வேண்டும்.

இவர்களின் வேலையை முதல் தகவல் அறிக்கைகளின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. கூடினால் தண்டனை, குறைந்தால் பாராட்டு என்ற பழக்கத்தை விட வேண்டும். எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனைக்கு ரசீது தரப்பட்டது, எத்தனை வழக்காயின, எத்தனை பேசி முடிக்கப்பட்டன, பேசி முடித்ததில் புகார் கொடுத்தவர் ஒப்பினாரா, எந்தக் குடியிருப்பிலிருந்து மனுவே வரவில்லை என்ற ஆறு விவரங்கள் போதும். ஒரு தெருவிலிருந்து ஓராண்டாக மனுவே வரவில்லை என்றால், ஆய்வாளர் நேரில் போய் விசாரிக்க வேண்டிய முதல் தெரு அதுதான்.

தன்னார்வலர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருவிழாவில் குழந்தையைத் தேடிக் கொடுக்கட்டும், வெள்ளத்தில் படகு தள்ளட்டும். நிலையத்தின் உள்ளறையிலும் வாகனச் சோதனையிலும் அவர்களுக்கு இடமில்லை என்று எழுத்தில் விதி வேண்டும்.

இந்தக் கணக்கை யாரிடம் வைப்பது? கிராம சபை இருக்கிறது. இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடிநீர், சாலை, நூறு நாள் வேலை எல்லாம் அங்கே பேசப்படுகின்றன, காவல் பேசப்படுவதில்லை. பெயர்களை விட்டுவிட்டு, மேலே சொன்ன ஆறு விவரங்களையும் காவலர் அங்கே வாசிக்கலாம். ஊர் முழுவதும் கேட்கும் இடத்தில் கேள்வி கேட்கப் பலர் தயங்குவார்கள் என்பது உண்மை. அதற்காகத்தான் திருச்சியின் பூட்டிய பெட்டியை மீண்டும் கொண்டுவரச் சொல்கிறேன். சாவி ஆய்வாளரிடம் இருக்க வேண்டாம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இருக்கட்டும். ஒரு மாவட்டத்தில், ஒரே ஒரு வட்டத்தில், இரண்டாண்டு நடத்திப் பார்க்கப் பெரிய செலவு இல்லை. புதிய சட்டமும் தேவையில்லை. முதல் ஆண்டு முடிவில் அந்த வட்டத்தின் வழக்கு எண்ணிக்கை உயரும். அதற்காக அந்த ஆய்வாளரை மாற்ற மாட்டோம் என்று மாவட்டக் கண்காணிப்பாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், மறுநாளே தொடங்கலாம்.